கருவேலமுள் எழுதிய கமெண்ட்

வெங்கடரமணன் சாருக்குக் கோபம் வந்தால் தமிழில் பேசுவார். பரம்பரையாய்த் தறி நெய்யும் அந்தக் கன்னடக்காரர் வீட்டில் மற்ற நேரமெல்லாம் கன்னடம்தான். சாப்பாட்டுக்கும், சம்பந்தி வீட்டுச் சேதிக்கும், நூல் விலைக்கும் கன்னடம் போதும். முப்பது வருடத்துக்கு மேல் பிளஸ் டூ பிள்ளைகளைத் திட்டிப் பழகிய வாய் என்பதால் திட்டுவதற்கு மட்டும் அவருக்குத் தமிழ்தான் தோதுப்பட்டது. அன்று மத்தியானம் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "என்னம்மா சொன்ன? திருப்பிச் சொல்லு" என்று அவர் தமிழில் கேட்டதும், கரண்டியோடு நின்ற மருமகள் சங்கரி ஓரடி பின்வாங்கினாள்.

அவள் சொன்னது சின்ன விஷயம். அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, சார் யூடியூபில் 'வெங்கட் சார் கணக்கு' என்று ஒரு சேனல் நடத்திக்கொண்டிருந்தார். மகன் ஹரீஷ் கேமராவைப் பிடிப்பான். விருதுநகர், ராமநாதபுரம் வரைக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். முந்தின நாள் வீடியோவில், ஒரு வளைவின் இரண்டாம் வகைக்கெழு எந்த இடத்தில் பூச்சியமாகிறதோ அந்த இடத்தில் வளைவு கட்டாயம் மறுபக்கமாகத் திரும்பி வளையும் என்று அவர் அடித்துச் சொல்லியிருந்தார். அப்படிக் கட்டாயம் ஒன்றும் கிடையாது. xஇன் நான்காம் அடுக்கை வரைந்து பார்த்தால் தெரிந்துவிடும். பூச்சியத்தில் அதன் இரண்டாம் வகைக்கெழு பூச்சியம்தான். ஆனாலும் அந்த வளைவு கிண்ணம் மாதிரி இறங்கி, அடியைத் தொட்டு, அப்படியே ஏறிவிடுகிறது. எங்கேயும் மறுபக்கம் திரும்புவதில்லை.

"ரெண்டு பக்கமும் குறி மாறுதான்னு பாக்கணும்னு ஒரு வரி சேத்துட்டாப் போதும் மாமா" என்றாள்.

"எங்க படிச்ச இத?"

"காலேஜ்லயே உண்டு. நெட்ல கிராஃப் வரையிற சைட்டு இருக்கு. அதுல போட்டுப் பாத்தா..."

"நெட்டு!" அவர் தட்டைத் தள்ளினார். "நெட்டப் பாத்துட்டு எனக்குக் கணக்குச் சொல்லித் தர வந்துட்டா. எங் கைடுல இத்தன வருசமா அப்படித்தான் போட்டிருக்கு. அதப் படிச்சவன்லாம் இன்ஜினியராகி அமெரிக்காவுல இருக்கான். நீ எங்க இருக்க? என் அடுப்படியில இருக்க. சாம்பார ஊத்து."

ஹரீஷ் அப்பளத்தை ஒடித்துக்கொண்டிருந்தான். அதை ஒடித்து முடிப்பதில்தான் அவன் கவனமெல்லாம் இருந்தது. மாமியார் சௌடம்மாள் எழுந்து வந்து சங்கரியின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, தானே சாம்பாரை ஊற்றினாள். சாயங்காலத்துக்குள் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு மாறியிருந்தது.

சங்கரி சின்னாளப்பட்டிக்காரி. மதுரையில் எம்.எஸ்ஸி. கணக்கு முடித்தவள். நிச்சயத்தன்று இதே வெங்கடரமணன் அவள் அப்பாவிடம், "எங்க வீட்டுக்கு வந்து பிஎச்.டி. கூடப் பண்ணட்டும். கணக்கு வாத்தியார் வீடு, கொடுத்து வச்சவ" என்று சபையறியச் சொன்னார். கல்யாணம் முடிந்து கேட்டபோது அப்புறம் பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு கேட்டபோது பதிலே வரவில்லை.

அதனால் அவளுக்குக் கைப்பேசியே கல்லூரியாயிற்று. வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் விசைத்தறிகள் இரைந்துகொண்டிருக்கும் நேரத்தில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காசில்லாமல் கிடைக்கிற ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகளைப் பாத்திரம் துலக்கியபடியே கேட்பாள். கிராஃப் வரையும் தளத்தில் ஒரு சமன்பாட்டைப் போட்டு, கீழே இருக்கும் பொத்தானை விரலால் இழுத்தால் வளைவு உயிருள்ளது போல நெளியும். கல்லூரியில் மனப்பாடம் பண்ணி எழுதிய தேற்றங்கள் என்ன சொல்லின என்று அந்தப் பொத்தானை இழுத்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. முகம் தெரியாதவர்கள் கணக்குப் போட்டு, கணக்குக்குப் பதில் சொல்லும் மன்றம் ஒன்றிலும் சேர்ந்திருந்தாள். அவள் யார் வீட்டு மருமகள் என்று அங்கே எவரும் கேட்டதில்லை. சொன்னது சரியா தப்பா என்பதுதான் அங்கே பேச்சு. தப்பென்றால் தப்பு என்பார்கள். அவளும் சொல்வாள். ஒருவரும் தட்டைத் தள்ளியதில்லை.

வைஃபை போனதும் தன் சிம்மில் இருந்த டேட்டாவை வைத்து மாமனாரின் வீடியோவைத் திறந்தாள். கீழே பந்தல்குடியிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுதியிருந்தது: 'சார் நீங்க சொன்ன மாதிரியே எழுதினேன். மிஸ் தப்புன்னு போட்டுட்டாங்க. எது சார் சரி?' அதற்கு சாரின் பதில்: 'உங்க மிஸ்ஸை என் வீடியோ பார்க்கச் சொல்.'

அதைப் படித்ததும், மத்தியானத்திலிருந்து அவளுக்குள் கிடந்த அவமானம் மாறிவிட்டது. கோபம் என்று அதைச் சொல்லலாம். ஜன்னலுக்கு வெளியே காலிமனை முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. 'கருவேலமுள்' என்று ஒரு பெயரில் புதுக் கணக்குத் தொடங்கினாள். 'x⁴ வரைந்து பாருங்கள் சார். பூச்சியத்தில் எங்கே திரும்புகிறது? படம் இதோ' என்று எழுதி, கிராஃபின் இணைப்பையும் கீழே போட்டாள்.

சற்று நேரத்தில் கமெண்ட் காணாமல் போனது. மறுபடி போட்டாள். மறுபடி போனது. மூன்றாவது தடவை அவர் பார்ப்பதற்குள் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். 'சார் கிராஃப் பாத்தேன், அவுக சொல்றது கரெக்டுதான சார்?' என்று வரிசையாகக் கேள்விகள் விழுந்தன.

அந்த வாரமே சார் ஒரு பதில் வீடியோ எடுத்தார். ஹரீஷ் கேமராவைப் பிடிக்க, சங்கரி போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, பலகைக்கு முன்னால் நின்று பேசினார். "நாலு வெப்சைட்ட மேஞ்சுட்டு வாத்தியாருக்கே பாடம் எடுக்க ஒரு கூட்டம் கெளம்பியிருக்கு. பேரச் சொல்லத் துப்பில்ல, முள்ளாம் முள்ளு. மிதிச்சா ஒடிஞ்சு போற முள்ளு!"

காலி டம்ளரை எடுக்க வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவருடைய பழைய வீடியோக்களையும் தோண்ட ஆரம்பித்தாள். சரியாக இருந்தவற்றை விட்டுவிட்டாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தன. தப்பு இருந்த இடத்தில் மட்டும் முள் குத்தியது. காலையில் நாளிதழைப் புரட்டும் மாமனாரின் முகம் கைப்பேசி கிணுகிணுத்ததும் கறுத்துப் போவதைத் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று பார்ப்பாள். அதில் ஒரு சுகம் இருந்தது. அதை அவள் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவில்லை.

யார் எழுதுகிறார்கள் என்று சார் முடிவு கட்டிவிட்டார் என்பது அவளுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. முற்றத்தில் நடந்துகொண்டே தான் வேலை பார்த்த பள்ளியின் தாளாளர் உக்கிரபாண்டியிடம் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"வேற யாரு? அந்த ரேணுகாதேவிதான். பாலவனத்தத்துக்காரி. எனக்குக் கீழ ஜூனியரா வந்து எங்கிட்டயே வேலை கத்துக்கிட்டவ. நான் இருக்கும்போதே அந்த கிராஃபு, அந்தச் சைட்டுன்னு பிள்ளைகளக் கெடுத்துக்கிட்டு இருந்தா. கருவேலமுள்ளுன்னு பேரு வச்சிருக்காளே, காட்டுக்காரியத் தவிர எவளுக்கு அந்தப் பேரு தோணும்? நிப்பாட்டிருங்க. பொதுவுல என்ன அசிங்கப்படுத்துறவளுக்கு நம்ம ஸ்கூல்ல என்ன வேலை?"

சங்கரி பருப்பை அப்படியே அடுப்பில் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள். இப்போதே போய்ச் சொல்லிவிடலாம் என்று வாசல் வரை வந்தாள். சௌடம்மாள் உள்ளேயிருந்து, "அடி பிடிக்கிது, கண்ணு எங்க இருக்கு ஒனக்கு?" என்று கத்தினாள். திரும்பிப் போனாள். பெரிய மனுஷர்கள் கோபத்தில் பேசுவதெல்லாம் நடந்துவிடவா போகிறது என்று தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

நடந்துவிட்டது. அடுத்த வாரம் ஒரு காலை, வெயில் ஏறுவதற்குள் ரேணுகாதேவி ஸ்கூட்டரில் வந்து வாசலில் இறங்கினாள். நெடுநெடுவென்று உயரம், ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே உள்ளே வந்தாள். சத்தம் கேட்டு ஹரீஷ் ஷெட்டில் தறிகளை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். தறி நின்ற அமைதியில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"சார், என்ன வேலைய விட்டு நிப்பாட்டிட்டாக. ஒங்க கமெண்ட்ல நான் எழுதுனேனாம். நான் எழுதல."

"நீ எழுதாமலா நான் சொல்றேன்?"

"எழுதியிருந்தா எம் பேரப் போட்டு எழுதியிருப்பேன். ஒங்களுக்கு நான் எதுக்குப் பயப்படணும்? நீங்க சொல்லிக் குடுத்தது தப்பு. ஸ்டாஃப் ரூம்ல ஒங்க மூஞ்சிக்கு நேராவே சொன்னேன். மறந்து போச்சா?"

"வீட்டுக்குள்ள வந்து சத்தம் போடாத. வெளிய போ."

"போறேன். பரீட்சைக்கு மூணு மாசம் இருக்கு. எம் பிள்ளைகள நடுவழியில விட்டுட்டுப் போகச் சொல்லிட்டீங்கள்ல, அதச் சொல்லிட்டுத்தான் போவேன். இன்னொண்ணு. அந்த முள்ளு யாரோ, கணக்கு சரியாத்தான் போட்டிருக்கு. ஆனா அதவிட மோசமான கோழை ஊருல இல்ல. அது பாட்டுக்கு ஒளிஞ்சு எழுதும், அடி நான் வாங்கணுமா?"

சங்கரி ஒரு சொம்பில் தண்ணீரோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். சொம்பைக் கீழே வைத்தாள்.

"நான்தான் எழுதுனேன்" என்றாள்.

வெங்கடரமணன் சிரித்தார். நிஜமாகவே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீயா? இவளக் காப்பாத்த நீ எதுக்கு வார? ஒனக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நம்பாமல் சிரித்ததைத் தாங்க முடியவில்லை. இடுப்பிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். கடைசியாக அவர் போட்ட வீடியோவைத் திறந்து, எல்லோரும் பார்க்க நின்றவாக்கில் எழுதினாள். எழுதி அனுப்பினாள். வெங்கடரமணனின் சட்டைப்பையில் கைப்பேசி கிணுங்கியது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார்.

'கருவேலமுள் நான்தான். என் பெயர் சங்கரி. வெங்கட் சார் வீட்டு மருமகள். கணக்கு இப்போதும் தப்புதான் மாமா.'

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனது. பிறகு எழுந்து வந்து அவள் கையிலிருந்த கைப்பேசியைப் பறித்து, முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் வீசினார்.

"எஞ் சோத்தத் தின்னுட்டு!" என்றார். சௌடம்மாள் கன்னடத்தில் ஒப்பாரி மாதிரி எதையோ தொடங்கினாள்.

ரேணுகாதேவி சங்கரியை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை.

"சார், இப்பவே தாளாளருக்கு ஒரு போன் போடுங்க. நான் இல்லன்னு சொல்லுங்க."

"இது எங்க குடும்ப விஷயம். நீ கெளம்பு."

"நான் வந்து சொல்றேன்" என்றாள் சங்கரி.

"வா. ஏறு. வழியில பேசாத."

வீட்டுச் செருப்போடு, எண்ணெய்ப் பிசுக்குப் புடவையோடு, அந்த ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டாள். ஹரீஷ் "சங்கரி" என்று ஒரு தடவை கூப்பிட்டான். வண்டி நகர்ந்துவிட்டது.

தாளாளர் உக்கிரபாண்டி இருவரையும் உட்காரச் சொல்லவில்லை. சங்கரி சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, கை கழுவுகிறவர் போல உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"குடும்பச் சண்டைய எதுக்கும்மா ஸ்கூலுக்குக் கொண்டாறீங்க?"

"குடும்பச் சண்டைக்குத்தான சார் என் வேலைய எடுத்தீங்க?" என்றாள் ரேணுகாதேவி.

தாளாளர் பேச்சை மாற்றினார். வெங்கட் சார் இந்தப் பள்ளிக்கு எவ்வளவோ செய்திருக்கிறார் என்றார். பெரியவர் மனம் நோகக் கூடாது என்றார். கடைசியில், பரீட்சை நேரத்தில் புது ஆள் தேடுவது கஷ்டம் என்பது நினைவுக்கு வந்தவராக, "சரி சரி, போயி கிளாஸ் எடும்மா. இத இத்தோட விடுங்க" என்று எழுந்துவிட்டார். வருத்தம் என்று ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் சங்கரி, "மன்னிச்சிருங்கக்கா" என்றாள்.

"அக்கான்னு கூப்பிடாத. வேல போனதுலருந்து எங்க வீட்டுல சோறு எறங்கல. எம் புருசனே 'நீ எதையாவது எழுதித் தொலைச்சியா'ன்னு கேட்டுட்டான். அந்நேரம் நீ ஒங்க மாமனாருக்குக் காபி போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்திருப்ப. அவரு தாளாளருக்குப் போன் பேசுனத நீ கேக்கலன்னு மட்டும் சொல்லிராத."

"கேட்டேன்."

"கேட்டும் வாயத் தெறக்கலேல்ல. போ." ரேணுகாதேவி படியேறி வகுப்புக்குப் போய்விட்டாள்.

சங்கரி வெயிலில் நடந்தே வீடு வந்தாள். அவளுக்கு முன்னால் சேதி வந்திருந்தது. கமெண்ட்டை சார் அழித்துவிட்டாலும் பிள்ளைகள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். அடுப்படிக் கதவைச் சௌடம்மாள் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். ஹரீஷ் ஷெட் வாசலில் நின்றான்.

"ஒரு வாரம் சின்னாளப்பட்டிக்குப் போயிட்டு வா. அப்பா ஆறட்டும்."

"போனா நீங்களே வந்து கூப்பிட்டுட்டு வருவீங்களா?"

அவன் அறுந்து தொங்கிய ஒரு நூலை எடுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தான்.

"அப்ப நான் போகல" என்றாள்.

அவள் போகவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டையில் பேச்சாவது இருக்கும். அடுப்படி மறுநாளே திறந்தாலும் அவள் சமைத்ததை வெங்கடரமணன் தொடவில்லை. சௌடம்மாள் தனியாக உலை வைத்தாள். சங்கரி கூடத்துக்கு வந்தால் சார் எழுந்து முற்றத்துக்குப் போவார். சேனலில் அந்த வீடியோவை எடுத்துவிட்டார். திருத்தி ஒன்று போடவில்லை. எல்லா வீடியோவுக்கும் கமெண்ட்டை மூடி வைத்தார். ஆனால் அவ்வப்போது பலகைக்கு முன்னால் நின்று, "வளத்த கடா மார்புல பாயுற காலம் இது" என்று ஆரம்பித்துவிடுவார். ஹரீஷ் கேமராவை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டிருப்பான்.

ஆனாலும் தொட்டியிலிருந்து கைப்பேசியை எடுத்து, அரிசிக்குள் புதைத்து வைத்து, "ஆன் ஆகுது" என்று கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனவன் அவன்தான். அவனைப் பற்றி என்ன நினைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நினைக்காமல் விட்டாள். மன்றத்தில் அவள் பாதியில் விட்டுப் போன ஒரு கணக்குக்கு யாரோ மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதி, 'எங்கே போனீர்கள்?' என்று கேட்டிருந்தார்கள். அதை இரண்டு தடவை படித்தாள்.

மாசி பிறந்த பிறகு ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது. 'திருச்சுழியில் ஒரு ஸ்கூலில் மேத்ஸ் மிஸ் பிரசவ லீவு. பி.எட். இல்லாவிட்டாலும் தற்காலிகமாக எடுப்பார்கள். என் பெயரைச் சொல்லாதே. ரேணுகாதேவி.' நன்றி என்று பதில் போட்டாள். செய்தி போய்ச் சேரவில்லை. சங்கரியின் எண்ணை ரேணுகாதேவி தடுத்து வைத்திருந்தாள்.

முதல் நாள் காலை, சங்கரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும்போது வெங்கடரமணன் வாசலை மறித்து நின்றார். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு.

"இந்த வாசல்படியத் தாண்டுனா திரும்பி வரக் கூடாது."

"சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வந்துருவேன் மாமா" என்றாள். அவர் தோளுக்கும் நிலைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் நுழைந்து தெருவில் இறங்கினாள். சாயங்காலம் வந்தபோது கதவு சாத்தியிருந்தது. தட்டிக்கொண்டே இருந்தாள். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் சௌடம்மாள் திறந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாளும் அப்படித்தான். பிறகு தாழ் போடுவதை அவர்களே விட்டுவிட்டார்கள்.

திருச்சுழிப் பள்ளியில் ஒரு புரொஜெக்டர் இருந்தது. மேஜையைத் தட்டினால் எரியும். அதில் கிராஃப் தளத்தைத் திறந்து, பொத்தானை இழுக்கப் பிள்ளைகளையே கூப்பிடுவாள். முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு யார் இழுப்பது என்று அடித்துக்கொண்டார்கள். வீட்டில் கைப்பேசி உள்ளவர்கள் மற்றவர்களையும் சேர்த்து உட்கார வைத்துக்கொண்டு சாயங்காலங்களில் வரைந்து பார்த்தார்கள். தப்பு வந்தால், "மிஸ், நீங்க போட்டதே தப்பு மிஸ்" என்று எழுந்து நின்று சொன்னார்கள். அப்படிச் சொன்ன முதல் நாள் அவளுக்குச் சுருக்கென்றது. முகம் சூடாகியது. மாமனாரின் முகம் எப்படிக் கறுத்திருக்கும் என்பது அந்த நொடியில் உடம்பில் தெரிந்தது. பலகைக்குத் திரும்பி நின்று, மூச்சு விட்டு, டஸ்டரை எடுத்துத் தன் வரியை அழித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில், முன் வரிசையில் இருந்த தங்கத்தாய் என்ற பெண் கையைத் தூக்கினாள்.

"மிஸ், வெங்கட் சார் ஒங்க மாமனாராமே?"

"ஆமா."

"வீடியோவுல ஒங்களத்தான் திட்டுறாராம். எங்க அண்ணன் சொன்னான்."

"ஆமா."

"வீட்டுல பேசிக்குவீங்களா மிஸ்?"

"இல்ல."

தங்கத்தாய் விடவில்லை.

"பேசாம எப்பிடி மிஸ் ஒரே வீட்டுல இருக்கீங்க?"

சங்கரி சாக்பீஸை எடுத்தாள்.

"அது ஒங்க சிலபஸ்ல இல்ல. நோட்டத் தெற."